வாக்கர்: தொட்டிக்குள் நடந்தவர்களின் பெயர்

வாக்கர் என்ற ஆங்கிலக் குடும்பப் பெயருக்கு நடப்பவர் என்றுதான் பொருள் தோன்றும். அவர் நடந்தது உண்மைதான், ஆனால் ஒரே தொட்டிக்குள் நாள் முழுக்க நடந்தார். காலடியில் கிடந்தது தறியிலிருந்து இறக்கிய கம்பளித் துணி. பழைய ஆங்கிலத்தில் 'வாக்' என்ற சொல்லின் மூலத்துக்கு உருட்டுவது, புரட்டுவது என்றே பொருள். நடப்பது என்ற பொருள் பிறகு வந்ததுதான்.

துணியை ஏன் மிதிக்க வேண்டும்? கம்பளி இழையை நுண்ணோக்கியில் பார்த்தால், கூரையில் ஓடு வேய்ந்தது போலச் செதில்கள் தெரியும். எல்லாம் நுனியைப் பார்த்தே இருக்கும். அதனால் ஈரத்தில் அழுத்திப் பிசையும்போது இழை வேர்ப்பக்கமாக மட்டும் நகரும், திரும்பி வராது. வேட்டியில் ஏறிய ஒட்டுப்புல் நடக்க நடக்க உள்ளேயே போகுமே, அது மாதிரி. இப்படி ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்டு, சல்லடையாக இருந்த துணி சுருங்கி, தடித்து, குளிரைத் தாங்கும். ஸ்வெட்டரை வெந்நீரில் போட்டுத் துவைத்துக் கெடுத்தவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். பருத்தி இழையில் செதில் கிடையாது, அதனால் இந்த வித்தை அதில் பலிக்காது.

ஆட்டு மயிரின் எண்ணெய்ப் பசையை எடுக்க, தொட்டியில் நாள்பட்ட சிறுநீரை ஊற்றுவார்கள். அதிலுள்ள அம்மோனியா சோப்பின் வேலையைச் செய்யும். கூடவே ஒரு களிமண்ணும் போடுவார்கள். அதே வகை மண்ணைத்தான் நாம் முல்தானி மட்டி என்று முகத்தில் பூசுகிறோம்.

இதே தொழில் இங்கிலாந்தின் தென்கிழக்கில் ஃபுல்லர், தென்மேற்கில் டக்கர், வடக்கில் வாக்கர் என்று குடும்பப் பெயரானது. 12ஆம் நூற்றாண்டிலிருந்து தண்ணீரால் ஓடும் மரச் சம்மட்டிகள் வந்து கால்களுக்கு ஓய்வு கொடுத்தன. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

அந்தப் பெயர்கள் அறிவியலிலும் தலைகாட்டின. 1985இல் கண்டறியப்பட்ட, 60 கார்பன் அணுக்கள் கொண்ட பந்து வடிவ மூலக்கூறுக்குக் கட்டட வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லரின் பெயரை வைத்தார்கள். என் மனதுக்கு நெருக்கமானவர் கில்பர்ட் வாக்கர். கம்பளிக்குப் பேர்போன, இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் 1868இல் பிறந்தவர். 1904இல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராக வந்தார். பருவமழை ஏன் சில ஆண்டுகளில் பொய்க்கிறது என்று உலகம் முழுவதன் அளவீடுகளையும் சேர்த்து, ஊழியர்களைக் கையாலேயே கணக்குப் போட வைத்தார். பசிபிக் கடல்மேல் காற்றழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல்மேல் இறங்குகிறது என்ற ஊசலாட்டம் அதில்தான் பிடிபட்டது. இன்று பசிபிக் கடல் நீர் சூடேறும் எல் நினோ பற்றிப் பேசும்போதெல்லாம் அந்தக் கணக்கும் கூடவே வருகிறது.

அவர் 1913 பிப்ரவரியில் சென்னைக்கு வந்தபோது, துறைமுக அலுவலக எழுத்தர் ஒருவரின் கணிதக் குறிப்புகளைக் காட்டினார்கள். உடனே பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதினார். மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. அந்த எழுத்தர் ராமானுஜன்.