திரைக்கு எழுதிய கையேட்டை அப்படியே அச்சுக்கு அனுப்பாதீர்கள்

மென்பொருள் கையேடு எழுதுவது என் தொழில். எல்லாம் இணையத்தில் கிடைக்கும் காலத்திலும் பயிற்சி வகுப்புகளும் தொழிற்கூடங்களும் அச்சுப் பிரதி கேட்கின்றன. ஆஃப்செட்டில் அடித்தால் நூற்றுக்கணக்கில் அடிக்க வேண்டும். அடுத்த வெர்ஷன் வந்ததும் மீதிக் கட்டு பழைய பேப்பர் கடைக்குத்தான். கேட்கும்போது கேட்ட பிரதியை மட்டும் அச்சிடும் பிரிண்ட் ஆன் டிமாண்ட் அந்தத் தொல்லையைத் தீர்த்தது. லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹாட்டைத் தொடங்கியவர்களில் ஒருவரான பாப் யங், இப்படி அச்சிட்டுத் தரும் லுலு நிறுவனத்தை 2002இல் நிறுவினார். இலவச அலுவலக மென்பொருளான லிப்ரே ஆபீஸுக்குத் தன்னார்வலர்கள் எழுதிய கையேடுகள் அதன் வழியாக அச்சில் விற்பனைக்கு வந்தன.

ஆனால், இணையத்தில் இருக்கும் பி.டி.எஃப். கோப்பையே பலர் அச்சுக்கு ஏற்றிவிடுகிறார்கள். காசு கொடுத்து வாங்கியவர்தான் அவதிப்படுகிறார்.

எனக்குப் பெரிய கவலை, வாசகர் கணினியில் அப்படியே தட்டச்சு செய்ய வேண்டிய கட்டளை வரிகள். பக்கம் அமைக்கும் மென்பொருள் அடுத்தடுத்த இரண்டு சிறு கோடுகளை ஒரே நீளக் கோடாக்கிவிடும். நேரான மேற்கோள்குறிகளை வளைத்துவிடும். நூலைப் பார்த்துத் தட்டச்சு செய்பவர் கண்ணில் படுவதைத்தானே அடிப்பார்? கட்டளை வேலை செய்யாது. தவறு தன்னுடையது என்றே அவர் நினைப்பார். நீண்ட கட்டளை மடங்கும் இடத்தில் சொல்லை உடைக்கும் கோடு விழுந்தால் அதையும் சேர்த்து அடிப்பார். கட்டளைப் பகுதிகளில் தானியங்கி மாற்றங்களை முழுவதும் நிறுத்துங்கள். பூஜ்ஜியத்துக்கும் ஆங்கில ஓ எழுத்துக்கும் வேறுபாடு தெரியும் எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்தது ஸ்கிரீன்ஷாட். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும். அப்படியானால் 1,000 பிக்சல் அகலமுள்ள படம் எட்டரை சென்டிமீட்டர்தான் வரும். பக்கம் நிறைய இழுத்தால் மெனு எழுத்துகள் மங்கிவிடும். வண்ணமும் சிக்கல்தான். நூலை நாமே வெளியிட உதவும் அமேசானின் கே.டி.பி. சேவையில் ஒரே ஒரு பக்கத்துக்கு வண்ணம் வேண்டுமென்றாலும் முழு நூலுக்கும் வண்ண அச்சுக் கட்டணம். அதனால் பெரும்பாலோர் கறுப்பு வெள்ளைக்குப் போகிறார்கள். ‘பச்சைப் பொத்தானை அழுத்தவும்’ என்ற வரிக்குக் கீழே பச்சையும் சிவப்பும் ஒரே சாம்பலாக நிற்கும். பொத்தானை அதன் மேல் உள்ள பெயரால் குறிப்பிடுங்கள். ‘இங்கே சொடுக்கவும்’ என்பதற்குப் பதில் பக்க எண் கொடுங்கள்.

300 பக்கம் தாண்டினால் கே.டி.பி. பைண்டிங் பக்கத்து உள் ஓரத்துக்குக் குறைந்தது 0.625 அங்குலம் கேட்கிறது. அதற்குக் குறைந்தால் வரியின் தொடக்கமோ முடிவோ நூலின் முதுகு மடிப்பில் மறையும். கணினி அருகே விரித்தபடி வைக்க ஸ்பைரல் பைண்டிங்தான் தோது. லுலுவில் அந்த வசதி உண்டு. எப்படியானாலும் மாதிரிப் பிரதி ஒன்றை வரவழைத்து, அதிலுள்ள கட்டளைகளைப் புதியவர் ஒருவரை அடித்துப் பார்க்கச் சொல்லாமல் விற்பனைக்கு விடாதீர்கள்.

வெர்ஷன் எண் நூலின் பெயரிலேயே இருக்கட்டும். கே.டி.பி.யில் வெளியிட்ட பிறகு பெயரை மாற்ற முடியாது. விற்பனையை நிறுத்தினாலும், கைமாறும் பழைய பிரதிகளுக்காக நூலின் பக்கம் அமேசானில் தொடர்ந்து இருக்கும். எண் இல்லாவிட்டால், வாங்குபவருக்கு அது எந்த வெர்ஷனுக்கான கையேடு என்று தெரிய வழியில்லை.