சிறுமலைப் பழம் எங்கே போச்சு?

வாடிப்பட்டியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். சின்ன வயதில் தெருவுக்குத் தெரு கிடைத்த சிறுமலைப் பழம் இப்போது ஏன் கண்ணில் படுவதில்லை என்பது அவருடைய முதல் கேள்வி. மண்ணையும் கூலியாட்களையும் கெடுக்காமல் விளைந்த வாழைப்பழத்தை எப்படிப் பார்த்து வாங்குவது என்பது இரண்டாவது. கடிதம் முடிந்த பிறகு ஒரு பின்குறிப்பு: "மலையில் சித்தப்பா தோட்டத்தில் நாலைந்து மரம் நிற்கிறது. ஒரு கன்று கொண்டுவந்து கொல்லையில் நடட்டுமா?"

எனக்குப் பின்குறிப்புதான் பிடித்தது. மற்ற இரண்டு கேள்விக்கும் பதில் அந்தக் கன்றுக்குள் இருக்கிறது.

வாடிப்பட்டிக்காரருக்குச் சிறுமலையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: திண்டுக்கல்லிலிருந்து பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும். வண்டி போகாத தோட்டங்களிலிருந்து இன்றைக்கும் குதிரை முதுகில்தான் சரக்கு இறங்குகிறது. அங்கே விளையும் பழம் சின்னது, சதையில் தண்ணீர் குறைவு, இனிப்போடு லேசான புளிப்பு. தோல் கறுத்துச் சுருங்கினாலும் உள்ளே அழுகாது. இதன் பங்காளியான விருப்பாச்சிப் பழம் பழநிப் பஞ்சாமிர்தத்துக்குப் போவதும் இந்தக் குணத்தால்தான். எங்கள் தாத்தா மதுரை யானைக்கல் பக்கத்து மண்டியில் ஒரு தார் வாங்கிவந்து விட்டத்தில் கட்டிவிடுவார். போகிற வருகிறவர்கள் எல்லாம் ஆளுக்கொன்று பிய்ப்பார்கள். போன மாதம் "சிறுமலை, சிறுமலை" என்று கூவிய ஒரு தள்ளுவண்டியில் ஒரு சீப்பு வாங்கினேன். வீட்டுக்கு வந்து உரித்தால் வேறு ஏதோ பழம்.

சரி, பள்ளிக்கூடப் பாடத்தை வேகமாக முடித்துவிடுவோம். வாழை என்பது மரமே அல்ல. தண்டு என்று நாம் நினைப்பது ஒன்றையொன்று சுற்றிக்கொண்ட இலையடிகள். உண்மையான தண்டு மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு. நாம் சாப்பிடும் ரகங்களில் பெரும்பாலானவற்றில் குரோமோசோம் தொகுதி இரண்டுக்குப் பதில் மூன்று. அதனால் மகரந்தமும் சூலும் ஒழுங்காக உருவாகாது, விதை இல்லை. கிழங்கிலிருந்து வெடித்து வரும் பக்கக்கன்றுதான் ஒரே வழி.

கல்யாண வீட்டில் "வாழையடி வாழையாக" என்று வாழ்த்துகிறோம். தாவரவியல்படி பார்த்தால் கொஞ்சம் விவகாரமான வாழ்த்து. வாழையின் கன்று அதன் பிள்ளை அல்ல. அதே ஆள் இரண்டடி தள்ளி மறுபடி எழுந்து நிற்கிறார், அவ்வளவுதான். உங்கள் பூட்டன் கன்று பிரித்து நட்ட வாழையும் இன்று சித்தப்பா தோட்டத்தில் நிற்பதும் ஒரே உடம்பு. நல்ல குணம் அத்தனையும் அப்படியே வரும். சீக்கும் அப்படியே வரும்.

சிறுமலையை அடித்த சீக்குக்கு முடிக்கொத்து நோய் என்று பெயர். புது இலைகள் குறுகி, விறைத்து, உச்சியில் துடைப்பத்தைத் தலைகீழாக நட்டதுபோல் கொத்தாக நிற்கும். அப்புறம் அந்த மரம் உருப்படியாகத் தார் போடாது. தோட்டத்துக்கு யாரோ கண்ணு வைத்துவிட்டார்கள் என்று வைக்கோல் பொம்மை கட்டியவர்களை எனக்குத் தெரியும். பொம்மையால் கெடுதல் இல்லை. ஆனால் பொம்மை தொங்கிய அந்த மாதத்தில் நோய் பத்து மரத்துக்குப் போய்விடுகிறது.

காரணம் ஒரு வைரஸ். ஆறு குட்டி டிஎன்ஏ வளையங்கள், ஒவ்வொன்றிலும் ஆயிரத்துச் சொச்சம் மரபு எழுத்து. மொத்தத்தையும் எழுதினால் ஏறக்குறைய இந்தக் கட்டுரையின் நீளம்தான் வரும். அதற்குக் காலும் இல்லை, சிறகும் இல்லை. அதைத் தூக்கிச் சுமப்பது வாழை அசுவினி என்ற கடுகளவுப் பூச்சி. இலையடி தண்டோடு ஒட்டும் இடுக்கில் உட்கார்ந்து, ஊசி போன்ற வாயைச் சாறு ஓடும் குழாய்க்குள் இறக்கி உறிஞ்சும். நோயுள்ள மரத்தில் குறைந்தது நாலு மணி நேரம் உறிஞ்சினால்தான் வைரஸ் ஏறும். ஏறியது குடலைத் தாண்டி, உடம்புத் திரவத்தில் மிதந்து, எச்சில் சுரப்பிக்கு வந்து சேரும். அதன்பிறகு நல்ல மரத்தில் கால் மணி நேரம் உட்கார்ந்தாலே காரியம் முடிந்தது.

சாற்றில் சர்க்கரை அதிகம் என்பதால் மிஞ்சியதை அசுவினி தேன்போலக் கழிக்கும். அதற்காக எறும்புகள் வரும், வந்து எதிரிகளை அண்டவிடாமல் காவல் நிற்கும். அசுவினிக்கு ஆணும் வேண்டியதில்லை. பெண்ணே பெண் குஞ்சுகளாகப் பெற்றுப்போடும், எல்லாம் தன் நகல். இடம் நெருக்கடியானால் சிலதுக்குச் சிறகு முளைத்துக் கிளம்பும். தன்னையே நகலெடுக்கும் செடி, அதன்மேல் தன்னையே நகலெடுக்கும் பூச்சி, பூச்சியின் எச்சிலில் ஏறி வந்து, செடிக்குள் நகலெடுப்பதைத் தவிர வேறு தொழிலே தெரியாத ஒரு வைரஸ். இத்தனை வருஷம் அறிவியல் எழுதுகிறேன், இப்படி ஒரு கூட்டணியைப் பார்த்ததில்லை.

ஆனால் அசுவினியால் பக்கத்துத் தோட்டம் வரைதான் நோயைக் கொண்டுபோக முடியும். கடல் தாண்டியது மனிதர் கையில், கன்றாக. 1880களுக்குள் பிஜித் தீவில் தெரிந்த நோய், 1913இல் இலங்கையில், 1940 வாக்கில் கேரளத்தில், அப்புறம் நம் மலைகளில். தொற்றிய கன்று ஆரம்பத்தில் பார்க்க வாட்டசாட்டமாகவே இருக்கும், அதுதான் வம்பு.

மலைவாழையை மானாவாரியாகக் காப்பியோடு கலந்து, ஒருமுறை நட்டால் அதே தூரில் பல வருஷம் கன்றுவிட்டு வளர்ப்பார்கள். உழவு இல்லை, தண்ணீர் இறைப்பு இல்லை, மண் அரிப்பு குறைவு. இன்றைக்குப் பொறுப்பான விவசாயம் என்று எதையெல்லாம் சொல்கிறோமோ, அதெல்லாம் அங்கே ஏற்கெனவே இருந்தது. ஆனால் கலையாத தூர் என்றால் வைரஸுக்கும் நிரந்தர முகவரி. இயற்கையோடு ஒட்டிய முறை என்றால் எந்தச் சீக்கும் வராது என்று பேசுகிறவர்களுக்கு இதைச் சொன்னால் கோபம் வருகிறது.

மருந்தடித்தால் தீராதா? தொற்றிய மரத்தைக் குணமாக்க மருந்தே இல்லை. அசுவினியைக் கொல்லலாம். ஆனால் அது இடுக்கில் இருக்கிறது, மருந்து இலைமேல் விழுகிறது. முகத்தில் துண்டு மட்டும் கட்டிக்கொண்டு டேங்க் சுமக்கும் ஆளுக்கும், அசுவினியைத் தின்னும் பொறிவண்டுக்கும்தான் அது அதிகம் போய்ச் சேரும். ஆஸ்திரேலியாவில் 1920களில் இதே நோய் வாழைத் தொழிலைக் கிட்டத்தட்ட முடித்துவைத்தது. மீட்டது மருந்து அல்ல, சட்டம். அசுவினியும் கன்றும்தான் நோயைப் பரப்புகின்றன என்று மேகி என்ற விஞ்ஞானி காட்டினார். அனுமதி இல்லாமல் கன்று நகரக் கூடாது, நோயுள்ள தூரை உடனே பிடுங்க வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். ஒருவர் பிடுங்கி, பக்கத்துத் தோட்டக்காரர் "தார் போட்டாலும் போடும்" என்று விட்டுவைத்தால் இரண்டு பேருக்கும் நஷ்டம். பிடுங்குகிறவருக்கு அந்த வருஷத்துச் சோற்றுக்கு வழி சொல்லாமல் பிடுங்கச் சொல்வதும் நியாயமில்லை.

பழைய உடம்பிலிருந்து வைரஸை மட்டும் கழற்ற ஒரு வழி உண்டு. பெரியாறு பாசனத்தில் மேலூர்ப் பக்கத்துக் கடைமடையை நினைத்துக்கொள்ளுங்கள். வாய்க்கால் இருக்கும் வரைதான் தண்ணீர் போகும். இந்த வைரஸும் அப்படித்தான், சாற்றுக் குழாய்களில்தான் ஓடும். கிழங்கின் நடுவே, இனி வரப்போகும் இலைகளை எல்லாம் உண்டாக்கும் ஒரு நுனி இருக்கிறது. அங்கே செல்கள் பிரிந்துகொண்டே இருப்பதால் குழாய் இன்னும் வெட்டப்படவில்லை. கடைமடைக்கும் அப்பால் இருக்கும் காடு. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அந்த நுனியை நுண்ணோக்கியின் கீழ் வெட்டியெடுத்துச் சத்துக் கூழில் வைத்தால், முழு வாழையாக எழும். நோயில்லாத, ஆனால் அதே பூட்டன் வாழை. 1952இல் பிரான்சில் மொரேல், மார்ட்டின் என்ற இருவர் டாலியா செடியில் முதன்முதலில் செய்து காட்டிய வித்தை இது.

எல்லா நுனியும் தப்புவதில்லை. அதனால் தாய்ச்செடியைப் பரிசோதிக்காமல் இப்படிக் கூழில் வளர்த்தால் (திசு வளர்ப்பு என்பார்கள்) நடப்பது நேர் எதிர்: ஒரு நோயாளியிலிருந்து ஆயிரம் நோயாளிகள், அழகான பிளாஸ்டிக் பையில். திருச்சியில் 1993 முதல் இயங்கும் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இந்தப் பரிசோதனைகளைச் செய்கிறது. மலைவாழையை நோய் நீக்கி மலைக்குத் திருப்பி அனுப்பும் வேலையும் அங்கே நடந்திருக்கிறது. என் ஆதங்கம் ஒன்றுதான். லட்சக்கணக்கில் விற்கும் ஜி9 என்ற வாழை ரகத்துக்குத் தனியார் திசு வளர்ப்புக் கூடங்கள் வரிசைகட்டுகின்றன. சிறுமலைக்கு அந்தச் சந்தை இல்லை, அரசுப் பணம்தான் வர வேண்டும். புவிசார் குறியீடு கொடுத்தார்கள், சந்தோஷம். சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டினால் அசுவினி படித்துப் பார்க்காது.

இரண்டாவது கேள்விக்குச் சுருக்கமாக. ஏற்றுமதித் தாருக்குத் தரச்சான்று உண்டு, நம் தள்ளுவண்டிக்கு இல்லை. மண்டியில் "எந்த ஊர்க் காய், என்ன ரகம்?" என்று கேளுங்கள். ஒரே ரகத்தையே எல்லோரும் வாங்கினால் எல்லோரும் அதையே நடுவார்கள். உலகச் சந்தையை ஆண்ட க்ரோ மிஷேல் ரகம் 1950களில் பனாமா வாடல் நோயில் அப்படித்தான் போனது. நாட்டுப்பழம், பூவன், கற்பூரவல்லி, மலைப்பழம் என்று மாற்றி மாற்றி வாங்குவது உங்கள் கையில் இருக்கிறது. புள்ளி விழுந்த பழத்துக்குப் பேரம் பேசாமல் காசு கொடுப்பதும்தான்.

மூன்றாவது: வேண்டாம். சித்தப்பா தோட்டத்துக் கன்று மலையிலேயே இருக்கட்டும். பரிசோதித்த கன்றாக வாங்கி நடுங்கள். ஏற்கெனவே கொண்டுவந்து நட்டுவிட்டீர்களா? (கடிதத்தின் தொனியைப் பார்த்தால் நட்டுவிட்டீர்கள் என்றுதான் தோன்றுகிறது.) புது இலை விரிந்ததும் அடிப்பக்கத்தை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நரம்புகளை ஒட்டிக் கரும்பச்சையில் புள்ளியும் கோடுமாக, நடுநரம்பு பக்கம் தூண்டில் முள்போல வளைந்து தெரிந்தால் அதுதான். உடனே வெட்டாதீர்கள், மரம் வாடினால் அசுவினி பக்கத்து வீட்டுக்குக் கிளம்பிவிடும். முதலில் இடுக்கெல்லாம் நனையச் சோப்புத் தண்ணீர் ஊற்றி அதைக் கொல்லுங்கள். அப்புறம் கிழங்கோடு, ஒரு துண்டு மிச்சமில்லாமல் தோண்டியெடுத்து, நறுக்கிக் காயப்போடுங்கள். சித்தப்பாவுக்கும் ஒரு போன் போட்டு, அவர் தோட்டத்து இலையைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.