விடுதலையான முதல் இரண்டு வாரம்

கேரளாவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கும் கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டில் பாதிப் பேச்சு தமிழ், பாதி மலையாளம். எங்கள் தெருவில் முழுக்கவே தமிழ். அந்தத் தெருவில் இருக்கும் ஒரு அக்கா போன மாதம் சொன்னார்: "ரெண்டு மாசம் உள்ள இருந்துட்டான் தம்பி. ரெண்டு மாசமும் ஒண்ணையும் தொடலை. இதுக்கு மேல என்ன ட்ரீட்மென்ட்? அந்த ஜெயிலே ஆஸ்பத்திரி மாதிரிதான்."

அவருடைய மகன் மலம்புழை ஜெயிலில் ரிமாண்டில் இருந்தான். கோயம்புத்தூர்ப் பக்கம் வேலைக்குப் போனவன், வலி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றும் பழக்கத்தோடு திரும்பினான். மாத்திரைக்குக் காசு தேடிப் பைக் திருடியதுதான் கேஸ்.

அக்கா சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதி ஆளையே கொன்றுவிடக் கூடியது.

தை, மாசியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் கிழக்குக் காற்று எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். வடக்கே வாளையார்ப் பக்கம் சைக்கிள் மிதித்தால் அது பக்கவாட்டில் அடிக்கும். விழாமல் இருக்கக் காற்று வரும் பக்கமே உடம்பைச் சாய்த்து ஓட்டுவோம். கொஞ்ச தூரத்தில் அந்தச் சாய்வு பழகிவிடும், சாய்ந்திருக்கிறோம் என்பதே மறந்துபோகும். திடீரென்று ஒரு கட்டடம் காற்றை மறைத்தால், சாய்ந்த பக்கமே சைக்கிளோடு போய் விழ வேண்டியதுதான்.

ஹெராயின், மார்ஃபின், அந்த வகை வலி மாத்திரைகள் எல்லாம் மூளைக்கு இப்படி ஒரு காற்று. மூளைத்தண்டில் லோகஸ் செருலியஸ் என்று ஒரு சின்ன இடம் உண்டு. லத்தீனில் 'நீல இடம்' என்று பொருள். நம்மை விழிப்பாக, உஷாராக வைத்திருக்கும் நார்அட்ரினலின் என்ற ரசாயனம் அங்கிருந்துதான் மூளை முழுக்கப் போகிறது. ஓபியாய்டு எனப்படும் இந்த வகை மருந்து அதை அமுக்கும். மூச்சை நடத்தும் பகுதியையும் சேர்த்தே அமுக்கும். தினமும் அமுக்கினால் அந்தச் செல்கள் சும்மா இருப்பதில்லை. எதிர்ப்பக்கம் சாய்ந்து, முன்னைவிட அதிகமாக வேலை செய்யப் பழகிக்கொள்ளும். பழைய அளவு போதாமல் ஊசியின் அளவு கூடிக்கொண்டே போவது இதனால்தான்.

கைதான அன்று காற்று நின்றுவிடுகிறது. சாய்ந்த மூளை அப்படியே சாய்ந்து நிற்க, நார்அட்ரினலின் கொட்டுகிறது. வியர்வை, மயிர்க்கூச்சம், வயிற்றுப்போக்கு, எலும்புக்குள் வலி, தூக்கமே இல்லாத இரவுகள். ஹெராயின் என்றால் 8 முதல் 12 மணி நேரத்தில் தொடங்கி, இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். நரகம்தான், ஆனால் இதில் உயிர் போவது அபூர்வம்.

சாராயம் அப்படி இல்லை என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் போக முடியாது. எல்லையில் லாக்கப்புக்குப் போகிறவர்களில் குடிகாரர்களுக்கா பஞ்சம்? பல வருடம் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால், முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். மூன்றாம் நாளை ஒட்டிக் கை நடுக்கம் முற்றி, சுவரில் பூச்சி ஊர்கிறது, யாரோ கூப்பிடுகிறார்கள் என்று பிதற்ற ஆரம்பிக்கலாம். 'நடிக்கிறான்' என்று விட்டுவிட்டால் சாவு வரைக்கும் போகும். டயசெபாம் போன்ற மாத்திரையும் தயமின் என்ற வைட்டமின் ஊசியும் நேரத்துக்குக் கிடைத்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். உள்ளே வந்த முதல் நாளே "தினமும் குடிப்பியா, கடைசியா எப்போ குடிச்சே" என்று கேட்டு எழுதிக்கொள்வதற்கு ஒரு பைசா செலவில்லை.

சரி, ஊசிக்கே வருவோம். இரண்டு மாதத்தில் உடம்பு நிமிர்ந்துவிட்டது. சாய்வு போய்விட்டது. அக்கா சொன்ன சரியான பாதி இது. ஆனால் நிமிர்ந்து நிற்கிற ஆள் மேல் பழைய வேகத்தில் காற்று அடித்தால்? உள்ளே போகும் முன் 'சாதாரணமாக' ஏற்றிய அளவு, இப்போது மூச்சை நிறுத்தப் போதுமானது. அவன் கைக்கோ அந்தப் பழைய அளவுதான் தெரியும்.

உடம்பு மறந்ததை மூளையின் இன்னொரு பக்கம் மறப்பதில்லை. எந்த பஸ் ஸ்டாப், எந்தப் பெட்டிக்கடை, யாருடைய ரிங்டோன் என்று டோபமின் என்ற மூளை ரசாயனம் வழியாகப் பதிந்த நினைவுகள் அப்படியே இருக்கும். ஜெயிலுக்குள் இவை கண்ணில் படாததால் ஆசையும் தூங்குகிறது. பார்க்கிறவர்களுக்கு அது குணமான மாதிரித் தெரிகிறது.

இடத்துக்கும் போதைக்கும் உள்ள உறவை 1982ல் ஷெப்பர்ட் சீகல் என்ற உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் எலிகளை வைத்துக் காட்டினார்கள். ஹெராயினுக்குப் பழக்கிய எலிகளுக்கு அதிக அளவு ஊசி போட்டார்கள். வழக்கமாக ஊசி கிடைக்கும் இடத்திலேயே போட்டபோது மூன்றில் ஒன்று செத்தது. பழக்கமில்லாத இடத்தில் அதே அளவு போட்டபோது மூன்றில் இரண்டு செத்தன. உடம்பு இடத்தைப் பார்த்தே முன்கூட்டிச் சாய்ந்து தயாராகிறது என்று அர்த்தம். வெளியே வந்தவன் ஆள் பார்க்காத புது இடத்தில் ஒளிந்து போட்டால், கொஞ்சநஞ்சம் இருந்த காப்பும் இல்லை.

மனிதர்களின் கணக்கும் இருக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையான முப்பதாயிரம் பேரைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2007ல் வந்தது. வெளியே வந்த முதல் இரண்டு வாரத்தில், அளவு மீறிய போதையால் சாகும் ஆபத்து ஊரில் மற்றவர்களைவிட 129 மடங்கு இருந்தது.

இதற்கு மருந்து உண்டு. மருந்து வேலை செய்யும் விதம் நம் டவுன் பஸ்ஸில் துண்டு போட்டு சீட்டுப் பிடிக்கிற மாதிரி. நரம்புச் செல்லின் மேல் இருக்கும் ஏற்பிகளை சீட்டுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். புப்ரனார்ஃபின் நாக்கின் கீழ் வைக்கும் மாத்திரை. அது சீட்டில் கெட்டியாக உட்கார்ந்துகொள்ளும், ஆனால் அடக்கமான பயணி. மெல்லிய காற்று மாதிரி அரைகுறையாகத்தான் அமுக்கும், ஓர் அளவுக்கு மேல் மூச்சை அமுக்காது. பின்னால் ஹெராயின் ஏறினாலும் உட்கார இடமில்லை. மெதடோன் ஹெராயின் போலவே முழு வேகத்தில் அமுக்கும், ஆனால் நிதானமாக, ஒரு நாள் முழுக்க. நல்ட்ரெக்சோன் வெறும் துண்டு மட்டும். ஆள் கிடையாது, வேறு யாரையும் உட்காரவும் விடாது. அவசரத்தில் போடும் நலாக்சோன் ஊசி, உட்கார்ந்திருக்கும் ஹெராயினையே எழுப்பிவிட்டு மூச்சைத் திருப்பிக் கொடுக்கும்.

"ஒரு போதைக்கு இன்னொரு போதையா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ரோட் ஐலண்ட் என்ற சின்ன அமெரிக்க மாநிலம் 2016ல் தன் சிறைகளில் மெதடோன், புப்ரனார்ஃபின், நல்ட்ரெக்சோன் மூன்றையும் கொடுக்க ஆரம்பித்து, வெளியே வந்த பிறகும் நிறுத்தாமல் தொடர ஏற்பாடு செய்தது. அடுத்த வருடமே, விடுதலையானவர்களிடையே அளவு மீறிய போதையால் வரும் சாவு 61 சதவீதம் குறைந்தது. டெல்லி திகார் சிறையிலும் 2008லேயே புப்ரனார்ஃபின் சிகிச்சை தொடங்கிவிட்டது.

வாளையாரில் அடிக்கடி பிடிபடும் கஞ்சாவுக்கும் எம்.டி.எம்.ஏ.வுக்கும் இப்படி சீட்டுப் பிடிக்கும் மருந்து இன்னும் இல்லை. மெத் போன்ற ஊக்கப் போதைக்கு ஓரளவு நன்றாக வேலை செய்வது ஒரு எளிய உபாயம்: சிறுநீர்ச் சோதனையில் சுத்தம் என்றால் அன்றைக்கே ஒரு சின்னப் பரிசு. போதை சில நிமிடத்தில் பலன் தருகிறது. வருடக்கணக்கில் இழுத்து வரும் தீர்ப்பு அதோடு போட்டி போட முடியுமா?

சாராயச் சட்டம் எல்லைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் வேறு. போதைப்பொருளுக்கு மட்டும் இரண்டு பக்கமும் 1985ம் ஆண்டின் அதே மத்தியச் சட்டம். பயன்படுத்தியதற்கோ சிறிய அளவு வைத்திருந்ததற்கோ கேஸ் வாங்கியவர், தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு என்கிறது அதன் 64ஏ பிரிவு. பாதியில் விட்டால் விலக்கு பறிபோகலாம். குற்றம் உறுதியான பிறகும், ஆளுடைய சம்மதத்தோடு சிகிச்சைக்கு அனுப்ப 39ம் பிரிவு கோர்ட்டுக்கு அதிகாரம் தருகிறது. சிறிய அளவு என்றால் ஹெராயினில் 5 கிராம், கஞ்சாவில் 1 கிலோ, எம்.டி.எம்.ஏ.வில் அரை கிராம்.

அக்காவின் மகனுக்கு இது எதுவும் உதவாது. அவன் மேல் இருப்பது திருட்டுக் கேஸ். போதைக்காகத் திருடியவனுக்கு அந்தப் பிரிவுகளில் இடமில்லை. சிகிச்சை வேண்டுமென்றால் அவனாகப் போக வேண்டும். கேரள அரசின் விமுக்தி என்ற போதை மீட்புத் திட்டத்தில் பாலக்காடு மாவட்டத்துக்கான மையம் அட்டப்பாடி கோட்டத்தறை அரசு மருத்துவமனையில் இருக்கிறது. கொழிஞ்சாம்பாறையிலிருந்து அது மலைக்கு அந்தப் பக்கம்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ஜாமீன் கிடைச்சா சாயந்திரம்தான் விடுவாங்களாம். அன்னைக்கு நான் என்ன பண்ணட்டும்?" என்றார்.

வாசலிலேயே போய் நில்லுங்கள், அன்று ராத்திரி தனியாகப் படுக்க விடாதீர்கள், விடிந்ததும் ஆஸ்பத்திரி என்றேன். எழுப்பினால் எழாமல், உதடு நீலமாகி, மூச்சு விட்டுவிட்டு வந்தால் 108க்கு அடித்துவிட்டு ஒருக்களித்துப் படுக்க வைக்கச் சொன்னேன். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446 என்று அவர் போனில் பதிந்து கொடுத்தேன்.

அவர் வேறு ஒரு கணக்கில் இருந்தார். பாலக்காட்டிலிருந்து வரும் பஸ், அவன் மாத்திரை வாங்கிய முக்கில் நின்றுதான் வரும். "பஸ் வேண்டாம் தம்பி, ஆட்டோ பேசிடறேன். சுத்துவழியா வரச் சொல்றேன்."