தலை என்ற சொல்லும் 'இல்லை' என்ற சொல்லும்

வெள்ளவத்தையில் உளவளத்துணையாளராக வேலை செய்யத் தொடங்கிய நாளிலிருந்து, என்னிடம் வரும் கிறிஸ்தவத் தம்பதியரிடம் தவறாமல் ஒரு கேள்வி கேட்டு வருகிறேன். கணவனிடம் தனியாகவும் மனைவியிடம் தனியாகவும் கேட்பேன்: "கணவர் எடுத்த முடிவுக்கு மனைவி 'இல்லை' என்று சொன்னால் அடுத்து என்ன நடக்கும்?" சண்டை பிடிப்போம், இரண்டு நாள் முகம் கொடுக்காமல் இருப்போம், பிறகு ஏதோ ஒரு வழி பிறக்கும் என்று சிரித்தபடி சொல்கிறவர்களைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. "அவ அப்படிச் சொல்ல மாட்டா சேர்" என்று கணவர் பெருமையோடு சொல்லி, "நான் அப்படிச் சொன்னதில்லை" என்று மனைவி பார்வையைத் தாழ்த்திக்கொண்டு சொல்லும்போதுதான் நாற்காலியைச் சற்று முன்னே இழுத்துக்கொள்கிறேன்.

கொட்டாஞ்சேனை முதல் தெஹிவளை வரை தமிழில் ஆராதனை நடக்கும் சபைகள் பலவற்றில் ஆண்கள் ஐக்கியம் என்ற ஒன்று இருக்கிறது. மாதத்தில் ஒரு சனிக்கிழமைக் காலையிலோ ஞாயிறு ஆராதனைக்குப் பின்னரோ கூடி, பாடி, வேதபாடம் படித்து, தேநீரும் பற்றிசும் சாப்பிட்டுக் கலைவார்கள். இளமையில் நானும் அப்படியொரு கூட்டத்தில் இருந்தவன். இப்போது சில இடங்களில் பேசுவதற்கு அழைக்கிறார்கள். அங்கே கற்பிக்கப்படும் 'புருஷனே வீட்டுக்குத் தலை' என்ற போதனை வீட்டுக்குள் போனபின் என்னவாகிறது என்பதை என் அறையில் இருந்து பார்த்தவன் என்ற வகையில் இதை எழுதுகிறேன். ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

இந்தக் கூட்டங்கள் செய்யும் நன்மையைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல. குடியை விட்டு, சம்பளத்தை முழுதாக வீட்டுக்குக் கொண்டுவரும் நிலைக்கு வந்த ஆண்களை நான் அறிவேன். அவர்களை அந்த நிலையில் நிறுத்தி வைத்தது மருந்தைவிட ஐக்கியத்து நண்பர்கள்தான். 2022இல் எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் வரிசையில் நின்ற மாதங்களில், வேலை இழந்தவர் வீட்டுக் கதவுக்கு அரிசியும் பால்மாவும் சத்தமின்றி வந்து சேர்ந்தன. ஓர் ஆண் இன்னோர் ஆணுக்கு முன்னால் கண்ணீர் விடுவதற்குச் செத்தவீட்டையும் சாராயக்கடையையும் விட்டால் நம்மவர்களுக்கு வேறு இடம் ஏது? அப்படிப்பட்ட இடம் கெட்டுப்போகக்கூடாது என்ற அக்கறை எனக்கு உண்டு.

தலைமைத்துவத்தை ஆணுக்கே உரிய கடமையாக வகுத்துச் சொல்லும் போதனை இன்றுள்ள வடிவத்தில் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1987இல் அங்கே தயாரிக்கப்பட்ட டான்வர்ஸ் அறிக்கை, ஆணும் பெண்ணும் மதிப்பில் சமம், பங்கில் வேறு என்ற கொள்கையை வரையறுத்தது. அதை மறுத்து, வேதாகமம் இருபாலாரின் சமத்துவத்தையே போதிக்கிறது என்று வாதிட்ட கிறிஸ்தவர்கள் 1989இல் தங்கள் அறிக்கையை வெளியிட்டனர். கொலராடோ பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்றுநராக இருந்த பில் மெக்கார்ட்னி 1990இல் தொடங்கிய பிராமிஸ் கீப்பர்ஸ் என்ற கிறிஸ்தவ ஆண்கள் இயக்கம் விளையாட்டரங்குகளை ஆண்களால் நிரப்பியது; 1997 ஒக்டோபரில் வாஷிங்டனில் கூடிய அதன் கூட்டத்துக்குப் பல இலட்சம் பேர் வந்தனர். டான்வர்ஸ் அறிக்கையே, கணவர்கள் கடுமையான, சுயநலமான தலைமையைக் கைவிட வேண்டும் என்று சொல்கிறது. கடல் கடந்து, மொழிபெயர்ப்பிலும் கைபேசிப் பிரசங்கங்களிலும் ஏறி நம்மிடம் வந்து சேரும்போது அந்தப் பாதி எங்கோ இறங்கிவிடுகிறது. மற்றப் பாதிக்கு மண் இங்கே ஏற்கெனவே பண்பட்டிருந்தது. 'கல்லானாலும் கணவன்' என்று சொல்லி வளர்ந்த சமூகத்துக்கு ஆண் தலைமையை யாரும் இறக்குமதி செய்து தர வேண்டியதில்லை; அதற்கு ஒரு வசனம் கிடைத்தது, அவ்வளவுதான்.

அந்த வசனத்தை நாம் தமிழில் கேட்கிறோம் என்பதும் கவனிக்கத்தக்கது. தலை என்ற சொல்லிலிருந்து தலைவனும் தலைமையும் தலையாரியும் பிறக்கும் மொழி நம்முடையது. 'புருஷனும் மனைவிக்குத் தலையாயிருக்கிறான்' என்று எபேசியர் 5ஆம் அதிகாரத்தில் வாசித்தவுடன், கிராம அலுவலரின் பட்டியலில் உள்ள 'குடும்பத் தலைவர்' நம் மனதில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். மூலத்தில் உள்ள 'கெஃபலே' என்ற கிரேக்கச் சொல்லுக்கு அதிகாரம் என்று பொருளா, ஊற்றுக்கண் என்று பொருளா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். தமிழ்க் காதுக்கு அந்த வாதமே எட்டுவதில்லை.

'கீழ்ப்படியுங்கள்' என்பதும் அப்படித்தான். நம் பழைய மொழிபெயர்ப்பில் 5ஆம் அதிகாரத்தின் மனைவிகளுக்கும் 6ஆம் அதிகாரத்தின் பிள்ளைகளுக்கும் வேலைக்காரருக்கும் ஒரே வினைச்சொல்தான் வருகிறது. கிரேக்கத்தில் அவை இரண்டு வெவ்வேறு சொற்கள். போதாததற்கு, மிகப் பழைய கிரேக்கப் பிரதிகள் சிலவற்றில் மனைவிகளைப் பற்றிய 22ஆம் வசனத்தில் வினைச்சொல்லே கிடையாது. 'ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்' என்று எல்லாரையும் பார்த்துச் சொல்லும் 21ஆம் வசனத்திலிருந்துதான் அதை வருவித்துக்கொள்ள வேண்டும். இதை ஒரு கூட்டத்தில் சொன்னபோது, பேதுருவின் நிருபத்தில் ஆபிரகாமின் மனைவி சாராளைக் குறித்துப் பிள்ளைகளுக்குரிய அந்தச் சொல்லே வருகிறதே என்று ஒரு மூப்பர் எழுந்து கேட்டார். உண்மைதான், வருகிறது. அதே அதிகாரத்தில், மனைவிக்குக் கனம் செலுத்தாதவனின் ஜெபம் தடைப்படும் என்றும் வருகிறது என்றேன். அன்று தேநீர் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது.

ஆதியாகமத்தில் ஏவாளுக்குச் சொல்லப்பட்ட 'ஏற்ற துணை' என்பதில் உள்ள எபிரெயச் சொல், 121ஆம் சங்கீதத்தில் கர்த்தரிடமிருந்து வரும் உதவியைக் குறிக்கும் சொல்தான். தமிழில் அங்கே 'ஒத்தாசை' என்று இருப்பதால் இரண்டும் ஒன்றென்று நாம் அறிவதில்லை. துணை என்றவுடன் கைக்கு உதவியாளைப் போல நினைத்துவிடுகிறோம். நான் இறையியல் படித்தவனல்லன். ஆனால் ஒரு பெண்ணின் வங்கி அட்டை யாருடைய பணப்பையில் இருக்கவேண்டும் என்பதை ஒரு மொழிபெயர்ப்புச் சொல் தீர்மானிப்பதைப் பார்த்தபின், சொற்களைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை.

அந்த அட்டையின் கதை இது. கட்டட நிர்மாண நிறுவனமொன்றில் கணக்காளராக இருந்த ஒருவர் 2022இல் அந்தத் தொழில் படுத்தபோது வேலையை இழந்தார். மனைவிக்கு வங்கி வேலை. வாடகையும் இரண்டு பிள்ளைகளின் பாடசாலைச் செலவும் அவருடைய சம்பளத்தில் ஓடின. அந்த ஆண்டு தொடக்கத்தில் சபையில் கணவருக்குக் கிடைத்திருந்த வாக்குத்தத்த வசனம், கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார் என்பது. ஐக்கியத்தில் தன் நிலையைச் சொல்லி அழுதிருக்கிறார். ஆறுதல் சொன்னார்கள், ஜெபித்தார்கள். பிறகு மூத்தவர் ஒருவர் தனியே அழைத்து, "பிரதர், உழைக்கிறது யாராக இருந்தாலும் காசு தலையின் கையில்தான் இருக்க வேணும், இல்லாவிட்டால் வீட்டில் ஒழுங்கு கெட்டுவிடும்" என்று சொல்லியிருக்கிறார். நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார் என்று நம்புகிறேன்.

முதலில் ஏடிஎம் அட்டை அவர் கைக்கு வந்தது. மனைவி ஒவ்வொரு காலையும் பேருந்துக் காசு கேட்டு வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனார். அடுத்து, கைபேசியின் கடவுச்சொல். அடுத்து, ஐந்து மணிக்கு வங்கியை விட்டு வெளியேறியவர் வீடு வந்து சேர ஏன் ஏழு மணியாகிறது என்ற விசாரணை. காலி வீதியின் மாலை நெரிசலைத் தெரியாதவர் கேட்கும் கேள்வியல்ல அது. அவர் ஒருநாளும் கை ஓங்கவில்லை. அதனால் தன் வீட்டில் வன்முறை இல்லை என்று உறுதியாக நம்பினார், மனைவியும் அப்படித்தான் நம்பினார். இரவில் தூக்கம் வராமல், நெஞ்சை அடைக்கிறது என்று மருத்துவரிடம் போய், இதயத்தில் ஒன்றுமில்லை என்று அங்கிருந்து என்னிடம் அனுப்பப்பட்டவரும் கணவர்தான். மூன்றாவது சந்திப்பில் சொன்னார்: "அந்த அட்டையைத் திருப்பிக் கொடுத்தால் வீட்டில் நான் யார் சேர்?"

போதனையின் சுமை ஆணின் மேலும் விழுகிறது என்பதை இந்தக் கேள்வி எனக்குக் காட்டியது. தலை என்றால் சம்பாதிப்பவன், முடிவெடுப்பவன், கலங்காதவன் என்று கற்றவனுக்கு, சம்பளம் போனவுடன் மிஞ்சுவது கட்டுப்படுத்துவது ஒன்றுதான். போருக்குப் பின் வடக்கிலும் கிழக்கிலும் 'பெண் தலைமைத்துவக் குடும்பங்கள்' என்ற சொற்றொடர் நமக்கு அன்றாடப் பேச்சாகிவிட்டது. கணவனை இழந்தோ காணாமற்போனவரைத் தேடியோ பெண்கள் வீட்டை நடத்தினார்கள், எந்த ஒழுங்கும் கெடவில்லை. அப்படிப்பட்ட தாயிடம் வளர்ந்த பிள்ளைகள் சிலர் கொழும்புக்கு வந்து, பெண்ணால் வீட்டை நடத்த முடியாது என்ற போதனைக்கு ஆமென் சொல்லும்போது, அம்மாவை எங்கே வைத்துவிட்டு வந்தீர்கள் என்று கேட்கத் தோன்றும்.

ஆண்கள் மட்டும் கூடும் கூட்டத்தில் ஒவ்வொருவரும் தன் வீட்டைப் பற்றிச் சொல்கிறார். அந்த வீட்டின் மற்றச் சாட்சி அங்கே இல்லை. மனைவி எதிர்த்துப் பேசுகிறா, அடங்குவதில்லை என்பதெல்லாம் விசாரணையின்றி ஜெபக் குறிப்பாகிவிடுகின்றன. மனைவி துணிந்து போதகரிடம் போனால், பெரும்பாலும் அவர் செய்வது இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து, "சொல்லுங்கோ மகள், என்ன பிரச்சினை?" என்று கேட்பது. பயம் உள்ள வீட்டில் இது ஆபத்தானது. கணவன் முன்னிலையில் மனைவி சொல்வதற்கெல்லாம் அன்றிரவு வீட்டில் கணக்குத் தீர்க்கப்படும். போதகர்களை மன்றாடிக் கேட்கிறேன், முதலில் தனியாகக் கேளுங்கள்.

உடலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1 கொரிந்தியர் 7இல் மனைவியின் சரீரத்துக்குப் புருஷனே அதிகாரி என்ற பாதியை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். அதே வசனத்தின் மறுபாதி, புருஷனின் சரீரத்துக்கு மனைவியே அதிகாரி என்கிறது; அடுத்த வசனம் இருவரின் சம்மதத்தைப் பேசுகிறது. நம் நாட்டுத் தண்டனைச் சட்டக்கோவையோ நீதிமன்றத்தால் பிரிக்கப்பட்ட தம்பதியர் தவிர மற்றவர்களிடையே திருமணத்துக்குள் நடக்கும் வல்லுறவைக் குற்றமாக ஏற்பதில்லை. சட்டம் கைவிட்ட இடத்தில் சபையாவது சரியாக வாசிக்க வேண்டும்.

சட்டம் முழுவதும் கைவிட்டுவிடவில்லை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம், அடியை மட்டுமன்றி, தொடர்ச்சியாக இழிவுபடுத்தும் பாரதூரமான கொடுமையையும் வன்முறையாகக் கொள்கிறது. பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் பொலிஸாரோ நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். அது பன்னிரண்டு மாதங்கள் வரை நடைமுறையில் இருக்கலாம். விவாகரத்து வேண்டியதில்லை என்பதால், திருமணத்தை முறிக்க விரும்பாத கிறிஸ்தவப் பெண்களுக்கு இதைக் குறிப்பாகச் சொல்கிறேன். 1938 என்ற தேசிய மகளிர் உதவி இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம். அரசாங்க வைத்தியசாலைகள் பலவற்றில், வன்முறைக்கு உள்ளானோருக்கு உதவும் 'நட்பு நிலையம்' உண்டு. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நடத்திய ஆய்வின்படி, துணைவரோடு வாழ்ந்த பெண்களில் ஐந்தில் ஒருவர் வாழ்நாளில் அவரிடமிருந்து உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்திருக்கிறார். எந்தச் சபையின் வாங்குகளும் இந்தக் கணக்குக்கு வெளியே இல்லை.

தேசவழமை என்ற வழமைச் சட்டம் பொருந்தும் யாழ்ப்பாணத் தமிழர் கொழும்பில் வாழ்ந்தாலும், மனைவி தன் பெயரிலுள்ள சீதன வீட்டை விற்பதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவன் தன் சொத்தை விற்க மனைவியின் சம்மதம் தேவையில்லை. சட்டமே தலையாக்கி வைத்திருக்கும்போது பிரசங்கியாரை மட்டும் குறை சொல்வதில் பயனில்லை என்று எப்போதாவது தோன்றுவதுண்டு.

கணக்காளர் ஏறத்தாழ எட்டு மாதங்கள் வந்தார். அட்டையைத் திருப்பிக் கொடுத்த அன்று மனைவி ஒன்றும் சொல்லவில்லையாம், சோறு போட்டுக் கொடுத்தாராம். இப்போது வேறு வேலை கிடைத்து, செலவுகளை இருவரும் கொப்பியில் எழுதிப் பேசுகிறார்கள், சண்டையும் பிடிக்கிறார்கள். ஐக்கியத்துக்கும் தொடர்ந்து போகிறார். அங்கே இதைச் சொன்னீர்களா என்று கேட்டேன். "இல்லை சேர்," என்றார், "சொன்னால் எனக்காக ஜெபிக்கத் தொடங்கிவிடுவார்கள்."