டெம்பரா: பதம் பார்த்துக் குழைத்த வண்ணம்

பள்ளிப் பிள்ளைகளுக்கான போஸ்டர் கலர் டப்பாவிலும் 'டெம்பரா' என்று அச்சிட்டிருப்பதுண்டு. அதில் முட்டை கிடையாது. அமெரிக்க யதார்த்த ஓவியர் ஆண்ட்ரூ வையத் (1917–2009) வாழ்நாள் முழுதும் கையாண்ட டெம்பரா, வண்ணப்பொடியை முட்டையின் மஞ்சள் கருவில் குழைத்தது. அதை அவருக்குக் கற்றுத் தந்தவர் அக்காள் கணவரான ஓவியர் பீட்டர் ஹர்ட்.

இந்த முட்டை டெம்பராவைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'அளவறிந்து கலத்தல்' என்னும் பொருளுடைய 'டெம்பெராரே' என்ற இலத்தீன் வினையே சொல்லின் வேர். இத்தாலிய மொழி வழியாக அது ஓவியத்துக்கு வந்தது. எஃகைப் பதப்படுத்துவதற்கான 'டெம்பர்' என்ற ஆங்கிலச் சொல்லும் இதே வேரில் பிறந்ததுதான். தமிழிலோ எஃகுக்கும் பாகுக்கும் ஒரே சொல் இருக்கிறது: பதம். ஆகவே 'மஞ்சட்கருப் பதவண்ணம்' என்பதே பொருத்தம். 'முட்டைச் சாயம்' என்பது பிழை. சாயம் ஊறிப் பிடிப்பது, இது மேலே ஏடாக நிற்பது. 'சுதை ஓவியம்' என்பதும் ஆகாது. அது ஈரச் சுண்ணச் சுவரில் தீட்டுவது.

பதம் என்ற சொல் இங்கே வெறும் அலங்காரமில்லை. வெள்ளைக் கருவை முழுதும் நீக்கி, மஞ்சள் கருவைக் காகிதத்துண்டில் உருட்டி உலர்த்தி, மேல்தோலை விரலால் தூக்கிப் பிடித்துக் குத்தினால் உள்ளிருப்பது வடியும். தோலை எறிந்துவிட்டு ஒரு தேக்கரண்டி நீர் சேர்க்க வேண்டும். வாலைநீரில் (காய்ச்சி வடித்த நீரில்) அரைத்த வண்ணக்குழம்பும் இந்தக் கருவும் ஏறக்குறையச் சரிபாதி. நிறத்துக்கு நிறம் அளவு மாறும். கண்ணாடியில் தடவி, உலர்ந்ததும் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். நாடாபோல் உரிந்தால் பதம் சரி. பொடியாக உதிர்ந்தால் கரு போதவில்லை. கரு மிஞ்சினால் பிசுபிசுப்பும் பளபளப்பும் தட்டும். பின்னாளில் வெடிப்பும் விழலாம்.

வண்ணம் நொடிகளில் காய்வதால் ஈரத்தோடு ஈரம் இழைத்து நிழல் தர முடியாது. மெல்லிய தூரிகையால் கோடுகோடாக அடுக்க வேண்டும். வையத் 1948-இல் தீட்டிய 'கிறிஸ்டினாவின் உலகம்' ஓவியத்தில் மேய்ன் மாநில வயலின் புல் இழை இழையாக நிற்பது அப்படித்தான். படம் 81.9 × 121.3 செ.மீ. இப்போது நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் உள்ளது.

அவர் தீட்டியது பலகையில். வளையும் கித்தானில் இந்த ஏடு வெடித்துவிடும். பலகைக்கும் விலங்குப் பசையில் சீமைச்சுண்ணம் கலந்த ஜெஸ்ஸோ என்னும் அடிப்பூச்சைத்தான் பல பூச்சாகப் பூச வேண்டும். கடையில் கிடைக்கும் அக்ரிலிக் ஜெஸ்ஸோ போதிய ஈரம் உறிஞ்சாது. அதன்மேல் தீட்டியது காலப்போக்கில் உரிந்து வரும்.