விண்டர் குவார்ட்டர்ஸ்: தமிழில் என்ன சொல்வது?

குவார்ட்டர்ஸ் என்றதும் நமக்கு ரயில்வே குவார்ட்டர்ஸ், போலீஸ் குவார்ட்டர்ஸ் ஞாபகம் வரும். கடைசி 'ஸ்' உதிர்ந்தால் வேறொன்று ஞாபகம் வரும், அதை விடுங்கள். எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான், நாலில் ஒரு பங்கு என்ற லத்தீன் சொல். ஊரை நாலாகப் பிரித்தால் ஒரு பகுதி குவார்ட்டர், பிறகு ஊரின் எந்தப் பகுதியும் குவார்ட்டர், அப்புறம் அந்தப் பகுதியில் சிப்பாய்களுக்கு ஒதுக்கிய தங்குமிடமும் குவார்ட்டர்ஸ் ஆகிவிட்டது.

விண்டர் குவார்ட்டர்ஸ் என்பது ஐரோப்பியப் படைகள் பனிக்காலத்தில் சண்டையை நிறுத்திவிட்டு ஊர்களில் போய் ஒண்டிக்கொள்ளும் ஏற்பாடு. ரோமானியர்கள் இதை ஹைபெர்னா என்றார்கள். விலங்குகளின் குளிர்காலத் தூக்கத்தைச் சொல்லும் ஹைபர்னேஷனுக்கும் அதே வேர். இதைச் சோம்பல் என்று நினைத்துவிடக் கூடாது. பனியில் குதிரைக்குப் புல் கிடையாது, பீரங்கி வண்டி சேற்றில் புதையும், கூடாரத்தில் கிடந்தால் எதிரி சுடாமலே ஆள் சாவான். அதனால் இரண்டு பக்கமும் எழுதாத ஒப்பந்தம் மாதிரி இதைக் கடைப்பிடித்தன. ஒரு பக்கம் மட்டும் அதை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு 1776 டிசம்பரில் அமெரிக்கச் சுதந்திரப் போரில் நடந்ததைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பிரிட்டனை எதிர்த்த அமெரிக்கப் படையின் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டனுக்கு அந்த வருஷம் தொட்டதெல்லாம் தோல்வி. ஆகஸ்டில் லாங் ஐலண்டில் அடி, அடுத்து நியூயார்க் நகரமே போயிற்று, நவம்பர் 16ஆம் தேதி அவர் பெயரையே வைத்திருந்த கோட்டை விழுந்து 2,800 பேருக்கு மேல் சிறைப்பட்டார்கள், நியூஜெர்சி முழுக்கப் பின்வாங்கி டெலவேர் ஆற்றுக்கு அக்கரையில் போய் நின்றார். கூடவே இருந்த ஜோசப் ரீட், தலைவரின் தயக்கத்தைக் குறை சொல்லி இன்னொரு தளபதி சார்லஸ் லீக்கு எழுத, லீ போட்ட பதிலை அலுவல் கடிதம் என்று வாஷிங்டனே பிரித்துப் படிக்க நேர்ந்தது. இதற்கு மேல், படையில் பெரும்பாலோரின் ஒப்பந்தக் காலம் டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிகிறது. ஆட்டம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது என்று தன் சகோதரருக்கே எழுதினார்.

எதிர்ப்பக்கம் பிரிட்டிஷ் தளபதி ஹோ, டிசம்பர் நடுவில் இந்த வருஷத்துப் போர் முடிந்தது என்று அறிவித்துவிட்டு நியூயார்க் திரும்பினார். நியூஜெர்சி ஊர்களில் சிறுசிறு காவற்படைகள். இந்தச் சங்கிலி கொஞ்சம் நீளம்தான் என்று அவரே ஒப்புக்கொண்டார், ஆனால் மாற்றவில்லை. சங்கிலியின் ஓரத்தில் டிரெண்டன். அங்கே கர்னல் ரால் தலைமையில் ஏறக்குறைய 1,500 ஹெஸ்ஸியர்கள், பிரிட்டன் வாடகைக்கு எடுத்த ஜெர்மன் சிப்பாய்கள், வீடுகளில் தங்கியிருந்தார்கள். தற்காப்புக்கு மண்மேடு போடச் சொன்னதை ரால் காதில் வாங்கவில்லை.

டிசம்பர் 25 இரவு வாஷிங்டனின் ஆட்கள் 2,400 பேரும் 18 பீரங்கிகளும் பனிக்கட்டி மிதக்கும் ஆற்றைக் கடந்தார்கள். படகு தள்ளியவர்களில் முக்கியமானவர்கள் மார்பிள்ஹெட் ஊர் மீனவர்கள். நள்ளிரவுக்குள் முடிய வேண்டியது விடியற்காலை மூன்று மணி வரை இழுத்தது. வேறு இடங்களில் கடக்க வேண்டிய இரண்டு படைப்பிரிவுகள் சொன்னபடி வந்து சேரவே இல்லை. இருந்தும் 15 கிலோமீட்டர் நடந்து, காலை எட்டு மணிவாக்கில் ஆலங்கட்டி கலந்த பனிப்புயலோடு ஊருக்குள் புகுந்தார்கள். துப்பாக்கி மருந்து நனைந்துவிட்டது என்று செய்தி வந்தபோது, துப்பாக்கிக் கத்தியால் குத்துங்கள் என்று பதில் போனது. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடிந்தது. 900 பேர் சிறைப்பட்டார்கள், ரால் காயத்தில் இறந்தார். அமெரிக்கர் பக்கம் நடந்து வரும் வழியில் குளிரில் விறைத்து இறந்தவர்கள் இரண்டு பேர். ஹெஸ்ஸியர்கள் கிறிஸ்துமஸ் குடியில் மயங்கிக் கிடந்தார்கள் என்பது பின்னால் கட்டிய கதை. பல நாளாக உள்ளூர்க்காரர்கள் கொடுத்த தொல்லையில் தூக்கமில்லாமல் சோர்ந்திருந்தார்கள் என்பதே உண்மை.

கணக்குப் பார்த்தால் சின்ன வெற்றிதான். ஆனால் ஊருக்குப் போக மூட்டை கட்டியிருந்த இன்னொரு பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் விடுப்பை ரத்து செய்துவிட்டு ஓடிவர வேண்டியிருந்தது, வாஷிங்டனைப் பற்றி முணுமுணுத்தவர்களின் வாயும் கொஞ்ச காலத்துக்கு அடைபட்டது.

சரி, தமிழுக்கு வருவோம். பாடநூல் நடையில் 'குளிர்கால முகாம்' என்று போடுகிறார்கள். முகாம் அரபியிலிருந்து வந்தது, அதில் எனக்குச் சண்டை இல்லை, ஆனால் படித்ததும் பள்ளிப் பிள்ளைகளின் விடுமுறை முகாம்தான் கண்ணில் நிற்கிறது. பழந்தமிழில் அசப்பில் இதே போல ஒரு சொல் இருக்கிறது, கூதிர்ப்பாசறை. தொல்காப்பியம் வெற்றியைப் பற்றிய வாகைத் திணையில் 'கூதிர் வேனில் என்றிரு பாசறை' என்று சொல்கிறது. கூதிர் என்றால் ஐப்பசியும் கார்த்திகையும், வாடை அடிக்கும் காலம். கண்டேன் என்று உடனே எடுத்துப் போட்டுவிடலாம் போலத் தோன்றும். போடக்கூடாது என்பேன். கூதிர்ப்பாசறையில் அரசன் குளிருக்கு அஞ்சாமல், வீடு திரும்பாமல் போர்க்களத்திலேயே கிடக்கிறான். சங்கப் பாட்டான நெடுநல்வாடையின் அரசன் 'நள்ளென் யாமத்தும் பள்ளி கொள்ளான்', நடுச்சாமத்தில் புண்பட்ட வீரர்களைப் பார்த்துக்கொண்டு திரிகிறான். ஹோ செய்தது இதற்கு நேர் எதிர். அந்தச் சொல்லுக்குப் பொருத்தமானவர் ஆற்றங்கரையில் பனியில் நின்ற வாஷிங்டன்தான், டிசம்பர் 26 நம் கணக்கில் கூதிர் கழிந்து முன்பனியாகிவிட்டது என்றாலும்.

ஆகவே விண்டர் குவார்ட்டர்ஸுக்கு என் பரிந்துரை 'குளிர்காலப் படைவீடு'. படை தங்கும் இடத்துக்குப் படைவீடு என்பது பழைய வழக்கு, திருவண்ணாமலை மாவட்டத்தில் அந்தப் பெயரில் ஊரே இருக்கிறது. சிப்பாய்கள் வீடுகளில் தங்கினார்கள் என்பதும் அதில் தானாக வந்துவிடுகிறது. 1777 ஜனவரி 3ஆம் தேதி பிரின்ஸ்டனிலும் ஒரு வெற்றியை எடுத்துக்கொண்டு வாஷிங்டன் மோரிஸ்டவுன் போய் வசந்தம் வரை உட்கார்ந்தாரே, அதற்கும் இதே சொல்லைத் தாராளமாகப் போடலாம்.