மூக்குக்குள் தெரியும் சிவப்பு வெளிச்சம்

"அழாமலேயே அம்மாவுக்கு ஒரு கண்ணில் நீர் வழிகிறது. லேசர் செய்யலாம் என்கிறார் டாக்டர். கண்ணில் லேசர் அடித்தால் பார்வை போய்விடாதா?" என்று கேட்கிறார் ஒரு வாசகி.

பயம் வேண்டாம். இந்த லேசர் விழிக்குள் பாய்வதில்லை.

கீழ் இமையை லேசாக இழுத்துக் கண்ணாடியில் பாருங்கள். மூக்கோரத்தில் ஊசிமுனை அளவு துளை தெரியும். மேல் இமையிலும் ஒன்று உண்டு. இமைக்கும்போதெல்லாம் கண்ணீர் அவற்றின் வழியே கண்ணீர்ப் பைக்குப் போய், அப்புறம் கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்குள் இறங்குகிறது. அழுதால் மூக்கு ஒழுகுவது இதனால்தான். பைக்குக் கீழே இந்தக் குழாய் அடைத்துக்கொண்டால் நீர் கன்னத்தில் வழியும், பையில் சீழும் பிடிக்கலாம்.

மருத்துவர்கள் பழைய அடைப்போடு மல்லுக்கட்டாமல், பையிலிருந்து மூக்குக்குப் புது வாசல் திறக்கிறார்கள். இதுதான் டி.சி.ஆர். (டாக்ரியோசிஸ்டோரைனோஸ்டமி) என்ற அறுவை சிகிச்சை. 1904-இல் இத்தாலிய மருத்துவர் டோட்டி தோலைக் கீறி இதைச் செய்தார். லேசர் முறையில் கீறலே இல்லை. சுமார் 0.6 மி.மீ. தடிமனுள்ள கண்ணாடி இழையை இமைத் துளை வழியாகப் பைக்குள் செலுத்துகிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பெரும்பாலும் பயன்படும் 980 நானோமீட்டர் அலைநீளமுள்ள டியோடு லேசர் கண்ணுக்குத் தெரியாது. அதனால் வழிகாட்டியாக ஒரு சிவப்பு ஒளியையும் சேர்த்து அனுப்புகிறார்கள். பையை ஒட்டிய எலும்பு காகிதம் போன்றது. சில இடங்களில் 0.1 மி.மீ.தான். உள்ளங்கையில் டார்ச்சை அழுத்தினால் மறுபுறம் சிவக்குமே, அதுபோல மூக்கின் உட்சுவர் சிவந்து ஒளிர்கிறது. மூக்குக்குள் பார்க்க உதவும் எண்டோஸ்கோப் கருவியின் விளக்கைக் குறைத்துவிட்டு மருத்துவர் மூக்குக்குள் அந்த வெளிச்சத்தைத் தேடுகிறார். எங்கே பளிச்சென்று தெரிகிறதோ அங்கே எலும்பு மெல்லியது. அங்கேதான் வாசல். திசுவிலுள்ள நீரும் ரத்தமும் லேசரை உறிஞ்சிச் சூடாக, திசு ஆவியாகிறது. ரத்தக் குழாய்களும் பொசுங்கி மூடுவதால் ரத்தப்போக்கு குறைவு.

ஆனால் அதே சூட்டினால் தழும்பு வளர்ந்து வாசல் மறுபடி மூடக்கூடும். அதைத் தடுக்கச் சிலிகான் குழாயைச் சில வாரங்களோ மாதங்களோ உள்ளே விட்டுவைப்பார்கள். தோலைக் கீறும் பழைய முறை 90 சதவீதத்துக்கு மேல் பலன் தருகிறது. பல ஆய்வுகளில் லேசர் அந்த அளவை எட்டவில்லை. 'லேசர்' என்ற சொல்லை மட்டும் விளம்பரப் பலகையில் பெரிதாகப் போடுவது நோயாளிக்குச் செய்யும் நியாயம் அல்ல. அம்மாவின் டாக்டரிடம் இரண்டு முறைகளையும் பற்றிக் கேளுங்கள்.

கைக்குழந்தைக்கு நீர் வழிந்தால் கதை வேறு. அங்கே அடைப்பது பெரும்பாலும் கண்ணீர்க் குழாயின் கீழ்முனையில் உள்ள மெல்லிய சவ்வு. பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் அது தானாகத் திறந்துவிடும். தாய்ப்பாலையோ இலைச்சாற்றையோ தயவுசெய்து கண்ணில் விடாதீர்கள். மூக்கோரம் விரலால் அழுத்திக் கீழ்நோக்கி நீவும் முறையை டாக்டரிடம் காட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள்.